பதினொரு தடவை படித்த புத்தகம்

அத்தியாயம் ஒன்பது

“இதுலயும் துப்பறியிறவங்கதான் குத்தவாளின்னு வையி, கதை இங்கனயே முடிஞ்சிரும். நாம இந்த ஏத்தத்துல மூச்சு வாங்க வேண்டியதில்ல” என்றாள் வேலாயி.

நாகலெட்சுமி திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். வேலாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் தேவன்மலைத் தோட்டத்தில் அவளைவிட அதிகமாகத் துப்பறியும் நாவல் கேட்டவர்கள் யாரும் இல்லை. மத்தியான இடைவேளையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுவாள். அங்கே குழந்தைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு ஆயா நாகலெட்சுமி படித்துக் காட்டுவாள். எந்தக் கதையானாலும் பாதி தாண்டுவதற்குள் வேலாயி தீர்ப்புச் சொல்லிவிடுவாள்: துப்பறிகிறவன்தான் செய்தான். இன்றுவரை ஒரு கதையில்கூட அது பலித்ததில்லை. அதற்காக அவள் கூசினதும் இல்லை.

“வாயை மூடிக்கிட்டு வாடி. உன் அண்ணனுக்காகத்தானே அலையிறேன்” என்றாள் நாகலெட்சுமி.

“எங்க அண்ணனுக்காகத்தான் நானும் பேசிக்கிட்டு வாரேன். பேசலேன்னா அழுகை வருது.”



வேலாயியின் அண்ணன் பொன்னையா பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். மனைவி அழகம்மா, மூன்று பிள்ளைகள், கடைசியாக ஒரு கைக்குழந்தை, எல்லார் தலையெழுத்தும் அந்த ஒரு மனுவில் இருந்தது. ஏழு வருஷம் விடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். நடுவில் கடல் தாண்டி ஊருக்குப் போயிருந்தால் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. பொன்னையா தாண்டியிருந்தார். யுத்த காலத்தில் தாயாரின் சாவுக்குப் போனவரைத் திரும்பக் கப்பலேற விடாமல் அங்கே தடுத்துவிட்டார்கள். பதினாலு மாதம். சாவு வீட்டுக்குப் போனது அவர் குற்றமா, கப்பலை நிறுத்தினது அவர் குற்றமா? கேட்க நாதியில்லை. தோட்டத்துப் பழைய பதிவேடுகள் நாற்பத்தேழாம் வருஷ வெள்ளத்தில் போய்விட்ட தைரியத்தில், மனுவில் பத்து மாதம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

போன வியாழக்கிழமை நுவரெலியாக் கந்தோரில் விசாரணை. விசாரித்த அதிகாரி எடுத்த எடுப்பில் கேட்டது, “பத்து மாதமா, பதினாலு மாதமா?” என்பதுதான்.  பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் மெல்லச் சிரித்துவிட்டு, “அங்கே பொழுது போகப் புத்தகமாவது கிடைத்ததா?” என்று தமிழில் கேட்டாராம்.

அந்தக் கேள்வியைத்தான் நாகலெட்சுமி பிடித்துக்கொண்டாள். பதினாலு மாதச் சங்கதி லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அங்கே பொன்னையா புத்தகமும் கையுமாகக் கிடந்தது வாசகர்களுக்கு மட்டும்தான் தெரியும். லிந்துலையில் மர்சூக் நானா கடையில் ஓர் அலுமாரி நிறையத் துப்பறியும் நாவல்கள். தேவன்மலையிலிருந்து அவற்றை எடுத்துப் படிக்கிறவர்கள் மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் பேர் போடாமல் கந்தோருக்கு மொட்டைப் பெட்டிஷன் எழுதியிருக்க வேண்டும். அது கோபத்தில் எழுதின பெட்டிஷன் என்று நிரூபித்தால், மனு தள்ளுபடியானாலும் மேல்முறையீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தொழிற்சங்கத்துக்காரர்களும் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை பெரட்டில், அத்தனை ஆட்களும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்த இடத்தில், நாகலெட்சுமி குரலை உயர்த்திச் சொன்னாள். “திங்கக்கிழமை இதே எடத்துல அந்த ஆளு பேரைச் சொல்றேன். நான் சொன்னா சொன்னதுதான்.”

அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பதை எல்லாரும் கவனித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏறி வந்தபோது கணக்கப்பிள்ளை சின்னராசா தன் வீட்டு வாசலில் வாளியும் தும்புத்தடியுமாக நின்றிருந்தார். கதவில் யாரோ சாணியை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கழுவியும் வாடை போகவில்லை. ஐம்பது ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற மனிதர் தன் கதவைத் தானே கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க துப்பறியும் அம்மா” என்றார். “கூடையில சாணி ஏதும் மிச்சமிருக்கா?”

“அது நாங்க செய்யலைங்க ஐயா.”

“நீ பார்த்த பார்வை செஞ்சுது. உள்ள வாங்க.”

நாகலெட்சுமி உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள். “போன மாசம் பதினெட்டாம் தேதி தொரைகிட்ட காய்ச்சல்னு லீவு கேட்டீங்க. அன்னைக்கே நுவரெலியா பஸ்ஸுல ஏறியிருக்கீங்க.”

“காய்ச்சலுக்கு நுவரெலியா குளுரு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு” என்றாள் வேலாயி.

“பொன்னையா அண்ணனோட மூணு மாசமா பேச்சுவார்த்தை இல்ல உங்களுக்கு. நீங்க பாதியில வச்சிருந்த புத்தகத்துல கொலைகாரன் யாருன்னு அவரு சொல்லிப்பிட்டாரு.”

சின்னராசா சிரித்தார். அது கேட்க நன்றாக இல்லை. “ஆமா, சொல்லிட்டான். நாப்பது பக்கம் பாக்கி இருந்துச்சு. இன்னமும் கோவந்தான். அதுக்காக ஒருத்தன் புள்ள குட்டியோட நடுத்தெருவுல நிக்கணும்னு எழுதிப் போடுவானா? இத்தனை கதை படிச்சியே, எந்தக் கதையிலயாவது அப்படி ஒரு காரணத்துக்குக் கொலை விழுந்திருக்கா? சொல்லு.”

 இப்படி ஒரு காரணத்தை யாராவது கதையில் எழுதியிருந்தால் அவளே அந்தப் புத்தகத்தைக் கிண்டல் செய்திருப்பாள்.

கணக்கப்பிள்ளை அலுமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தார். அதன் நடுவில் மடித்து வைத்திருந்த காகிதத்தை உருவி நீட்டினார். ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே முத்திரை.

“என் சம்சாரத்துக்கிட்டகூட காட்டல. எனக்குப் பிரஜாவுரிமை எப்பவோ கிடைச்சாச்சுன்னு இந்தத் தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்கேன் இல்லையா? கிடைக்கல. தள்ளிப்பிட்டாங்க. ஊருல இருக்கற தங்கச்சிக்கு மாசா மாசம் மணியார்டர் அனுப்பியிருக்கேனாம். அதனால எனக்கு இங்க நிரந்தரமா இருக்கற எண்ணம் இல்லையாம். நான் பொறந்தது இந்த மலையில. அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் பதினெட்டாம் தேதி போயிக் கெஞ்சினேன்.”



“மன்னிச்சிருங்க ஐயா” என்றாள் நாகலெட்சுமி.

“அதை இங்க சொல்லாத. பெரட்டுல ஆரம்பிச்சதைப் பெரட்டுல முடி.” அவர் காகிதத்தைத் திரும்ப மடித்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராக, “ஒண்ணு சொல்றேன், உனக்கு உதவுதான்னு பாரு. நான் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன். அந்தக் கிளாக்கர் தலை நிமிரல. கண்ணு இழுத்து வச்ச மேசை லாச்சிக்குள்ள. எட்டிப் பார்த்தா புத்தகம். காக்கித்தாள் அட்டை, அதுல செகப்பு மையில பதினேழாம் நம்பர். மர்சூக் போடற நம்பரு மாதிரியே இருந்துச்சு” என்றார்.

பதினேழாம் நம்பர் ‘பாழ்கிணற்றுப் பல்லக்கு’. அதைக் கடை அலுமாரிக்குக் கொடுத்ததே பொன்னையாதான். ஊரில் அடைபட்டுக் கிடந்த காலத்தில் கையிலிருந்த ஒரே புத்தகம்.

லிந்துலைக்கு இறங்குகிற வழியெல்லாம் நாகலெட்சுமி வேகமாக நடந்தாள். ஒருவரைத் தவறாகப் பிடித்த வெட்கம் ஒரு பக்கம், உண்மையான ஆள் அகப்பட்டுவிட்டான் என்கிற வெறி ஒரு பக்கம். கிளாக்கரின் கைக்குப் பதினேழாம் நம்பர் கடையிலிருந்துதான் போயிருக்க வேண்டும். புத்தகத்தைக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் மர்சூக் நானா. வியாபாரிக்கு வாய் நீளம். வாங்க வந்தவரை உட்கார வைத்துப் பேசுவது அவருடைய தொழில்.

“ஆக, மர்சூக் நானாதான் குத்தவாளி” என்றாள் வேலாயி. “எனக்கு நம்பிக்கை இல்ல.”

“ஏன்?”

“அவரு துப்பறியலையே.”

மர்சூக் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க தங்கச்சி. புதுசா நாலு வந்திருக்கு. ஒண்ணுல ரயில்லயே கொலை.”

“பதினேழாம் நம்பர் எங்க நானா?”

“அலுமாரியிலதான். போன கிழமை திரும்பி வந்துச்சு. பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பியிருந்தாரு. நல்ல மனுசன். புத்தகத்துல ஒரு மடிப்பில்ல, ஒரு கறையில்ல.”

“அந்த நல்ல மனுசன்கிட்ட பொன்னையா அண்ணனைப் பத்தி என்ன சொன்னீங்க?”

“நானா? அல்லாவே, அவரு யாருன்னே எனக்கு அன்னைக்குத் தெரியாது. தோட்டம் தோட்டமா விசாரிக்க வந்தவரு, நானுஓயாவுக்கு பஸ் வர நேரமாகுதுன்னு இங்க ஏறினாரு. நுவரெலியாவுல எழுத்து வேலைன்னாரு. ஒரு பிளேன்டீ குடிச்சாரு. ‘நல்ல துப்பறியும் நாவலா ஒண்ணு சொல்லுங்க’ன்னு கேட்டாரு.”

“நீங்க சொன்னீங்க.”

மர்சூக் அவளையே பார்த்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, பாதிச் சிரிப்பு அவர் முகத்தில் நின்றது. “எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? நான் அட்டை போடறவன். நீங்கதானே இந்த இடத்துல நின்னு அரை மணித்தியாலம் சொன்னீங்க? குடை வச்சிருந்தாரே, வெள்ளைக் கோட்டு. நீங்கதானே மேல் தட்டுலருந்து எடுத்து அவரு கையில குடுத்தீங்க?”

நாகலெட்சுமிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குடை. வெள்ளைக் கோட்டு. ‘அம்மா மாதிரி விவரம் தெரிந்த வாசகரைப் பார்ப்பது அபூர்வம்’ என்று அவர் சொன்னது. பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் அப்படிப் பேசியதில் அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலாயியிடம்கூட இரண்டு தடவை சொல்லிப் பெருமைப்பட்டாள். இருந்தாலும் அவள் கதையைப் பற்றித்தான் பேசினாள். பொன்னையா பேரை வாயால் சொல்லவில்லை. அது நிச்சயம்.

வாயால் சொல்லவில்லை.

அவள் அலுமாரிக்குப் போய்ப் பதினேழாம் நம்பரை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

மர்சூக் கடைப் புத்தகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். படித்து முடித்தவர் அடுத்து எடுக்கப் போகிறவருக்காக அதில் சிபாரிசு எழுத வேண்டும். பேர், தோட்டம், தேதி எல்லாம் போட வேண்டும். குற்றவாளி யாரென்று மட்டும் எழுதக் கூடாது. எழுதினால் மூன்று மாதத்துக்குப் புத்தகம் கிடையாது. இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நாகலெட்சுமி. நாற்பது ஐம்பது புத்தகங்களில் அவள் கையெழுத்து இருக்கிறது. அவள் எழுதியிருந்தால் நம்பி எடுக்கலாம் என்று லிந்துலை வரைக்கும் பேர்.

“என்னாடி எழுதியிருக்கு?” வேலாயி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “கணக்கப்பிள்ளை கையெழுத்து இருக்கா அதுல?”

இருந்தது. மேலே இரண்டு வரி, சின்னராசா எழுதியது. அவள் எதைப் படித்துக் காட்டினாலும் வேலாயி நம்பப் போகிறாள். இருபது வருஷமாக அவள் வாயிலிருந்து வருவதைத்தான் வேலாயி எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சின்னராசாவின் வரியோடு இரண்டு வார்த்தை சேர்த்துப் படித்தால் போதும். அந்த மனிதரின் கதவில் ஏற்கெனவே சாணி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. வந்தது உண்மை. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

பிறகு சத்தமாகப் படித்தாள்.

“‘இது என் தோழியின் அண்ணன் பொன்னையா ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகம். யுத்த காலத்தில் திரும்பி வர வழியில்லாமல் பதினாலு மாதம் அங்கே அகப்பட்டிருந்தபோது வேறு புத்தகம் கிடைக்காமல் இதையே பதினொரு தடவை படித்திருக்கிறார். குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகும் பத்துத் தடவை படிக்க வைத்த கதை என்றால் யோசித்துப் பாருங்கள். நம்பி எடுக்கலாம். நாகலெட்சுமி, தேவன்மலைத் தோட்டம்.’”

தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது.

“இதை எழுதினப்ப எனக்குப் படிச்சுக் காட்டினியே” என்றாள் வேலாயி மெதுவாக. “நான் விழுந்து விழுந்து சிரிச்சேனே.”

“கீழ இன்னும் இருக்கு.”

“படி.”

மணிமணியான எழுத்து. எழுதிப் பழகின கை. “‘சிபாரிசை நம்பி எடுத்தேன். எழுதியவர் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லவில்லை. நன்றி. நுவரெலியா வாசகர்.’”

கடையில் வேறு யாரும் இல்லை. மொட்டைப் பெட்டிஷன் என்று ஒன்று இருக்கவே இல்லை. கெட்ட எண்ணம் வைத்து எழுதினவன் ஒருவனும் இல்லை. மேல்முறையீட்டில் காட்டுவதற்கு ஒரு விரோதிகூட அகப்படவில்லை. ஒரு நல்ல வாசகி நல்ல புத்தகத்தைச் சிபாரிசு செய்தாள், ஒரு நல்ல வாசகர் அதை எழுத்தெண்ணிப் படித்தார்.

மர்சூக் தலையில் கையை வைத்துக்கொண்டார். “கொலைகாரன் பேரை எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டோம் தங்கச்சி. வேற எதையும் எழுதக் கூடாதுன்னு போடலையே. கிழிச்சி அடுப்புல போட்டுடவா?”

“அவரு நகல் எடுத்திருப்பாரு நானா. எழுத்து வேலைக்காரரு.”

 திரும்பி ஏறும்போது வேலாயி அட்டை கடித்ததைப் பிய்த்துப் போடக்கூட நிற்கவில்லை. லயத்துக்குப் பிரிகிற முடக்கில் மட்டும் நின்றாள்.

“நாளைக்குப் பேரைச் சொல்றேன்னியே, சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“அண்ணன் நிக்கும். அழகம்மா நிக்கும்.”

“தெரியும்டி.”

வேலாயி தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

  திங்கட்கிழமை பெரட்டில் சின்னராசா பேர் கூப்பிட்டு முடித்ததும் ஒதுங்கி நின்று, அவளுக்கு இடம் விட்டார். நாகலெட்சுமி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போய் நின்றாள்.

“கணக்கப்பிள்ளை ஐயா மேல ஒரு குத்தமும் இல்ல. அவரு கதவுல சாணி அடிச்சவங்களுக்கும் எனக்கும் அவரு மன்னிப்புக் குடுக்கணும். பொன்னையா அண்ணே, ஒங்க பதினாலு மாசத்தை எழுதிக் குடுத்த ஆளு நாகலெட்சுமி. தெரியாமத்தான் எழுதினேன். பெருமைக்கு எழுதினேன். எழுதினது நான்தான்.”

கூட்டத்தில் யாரோ “அடப் பாவி” என்றார்கள். புத்தகம், தாள், கிளாக்கர் எல்லாவற்றையும் அவள் சொல்லி முடிக்கிற வரையில் பொன்னையா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நிமிர்ந்து, “நீ பொய் ஒண்ணும் எழுதலையேம்மா. பதினொரு தடவை படிச்சேன், நெசந்தானே” என்றார். அவர் திட்டியிருக்கலாம். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருக்கலாம். நாகலெட்சுமி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

 மற்றப் பெண்கள் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விடுவதற்குத் திரும்பியபோது, அழகம்மா தன் கைக்குழந்தையைப் பழைய சீலையில் வைத்து முன்னால் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையை மாட்டி, நேரே மலைக்கு ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வேலாயி வந்தாள். கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டே, நாகலெட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஒரு கதையிலயாச்சும் நான் சொன்னது பலிக்கணும்னு எத்தனை நாளு ஆசைப்பட்டிருப்பேன். இந்தக் கதையில பலிச்சிருக்க வேணாம்டி, நாகு.”

சொல்லிவிட்டு அண்ணிக்குப் பின்னால் மலைக்கு ஏறினாள். அன்று மத்தியானம் அவள் கதை கேட்க வரவில்லை.